ஓட இடமில்லாத டீசல் வண்டி

இந்தத் தீவு ஊரில் ஏசி குளிர்வதற்குள் சவாரி முடிந்துவிடும். பத்துபஸ்தி பேட்டையில் ஏறுகிறவர் விமான நிலையம் என்பார். கண்ணாடியை ஏற்றி, காற்றை அவர் பக்கம் திருப்பிவிட்டு, "சார், ஏசி போதுமா?" என்று சென்னைப் பழக்கத்தில் நான் கேட்டு முடிப்பதற்குள் வாசல் வந்துவிடும். பதில் சொல்லாமலேயே இறங்கிப் போவார். அவர் போனில் இருக்கும் டாக்ஸி ஆப் உற்சாகமாக மணியடித்து அவரிடம் எனக்கு நட்சத்திரம் கேட்கும். எதற்கு நட்சத்திரம்? கதவைத் திறந்து மூடியதற்கா? சென்னையில் வருஷக்கணக்கில் ஆப் வண்டி ஓட்டியவன் நான். அங்கே ஒருவர் ஏறினால் அவருடைய சர்க்கரை அளவு, ஆபீஸ் அரசியல், மாமியார் குணம் எல்லாம் எனக்குத் தெரிந்த பிறகுதான் இறங்குவார். இங்கே ஏறியவரின் முகம்கூட மனதில் பதிவதில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு இது சொகுசாகத் தெரிகிறது. "டிராஃபிக் இல்ல, புகை இல்ல, பக்கத்துலயே கடல், உனக்கென்னடா குறை?" என்று போனில் கேட்கிறார்கள். என்ன சொல்வது? என்னைப் போலக் கடல் தாண்டி வந்து ஸ்டீயரிங் பிடிக்கிறவர்களுக்குத்தான் இது புரியும். எங்கள் தொழிலில் தூரம்தான் சோறு. தூரம் இல்லாத ஊரில் டிரைவருக்கு என்ன வேலை?

நான் இங்கே வந்தது எங்கள் தெருக்காரர் ஒருவர் எடுத்திருந்த ரோடு காண்ட்ராக்டுக்கு ஜீப் ஓட்ட. மனைவி கௌரியையும் மகள் யாழினியையும் அம்பத்தூரில் கௌரியின் தம்பி சேகர் வீட்டில் விட்டு வந்தேன். சேகரும் ஆப் டிரைவர்தான், தங்கமான பையன். ஆனால் தங்கமான பையனாக இருந்தாலும் அது அவன் வீடு. கௌரி குறை சொல்கிறவள் இல்லை. ஒரே ஒரு தடவை சொன்னாள்: "தம்பி யாரோ எவரோ இல்லதான். ஆனா ஃபிரிட்ஜ் கதவத் திறக்கறப்பகூட யாராச்சும் பாக்கறாங்களான்னு பாத்துட்டுத் திறக்கறேங்க." அதைக் கேட்ட பிறகுதான் முடிவு செய்தேன். அந்த ஜீப்பை விட்டுச் சொந்தமாக ஒரு வண்டி வாங்க வேண்டும், பத்துபஸ்தியில் ஒரு வீடு பிடிக்க வேண்டும், ஜூன் மாதம் யாழினியை இங்கே பள்ளியில் சேர்க்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். பேராசை என்று யாரும் சொல்ல முடியாது.

வண்டி வாங்குவதில் எனக்கு யாருடைய யோசனையும் தேவைப்படவில்லை. அந்தத் திமிர் சென்னை கொடுத்தது. கோயம்பேடு பாலத்துக்கடியில் டீ குடிக்கும் டிரைவர்களைக் கேளுங்கள், எல்லோரும் ஒரே வேதம்தான் ஓதுவார்கள்: ஓட்டம் அதிகமென்றால் டீசல். பெட்ரோல் வண்டி கல்யாணத்துக்குப் போகிறவனுக்கு, டீசல் வண்டி பிழைக்கிறவனுக்கு. பழைய வண்டி பார்க்கப் போனால் மீட்டரைப் பார், புகையைப் பார், விற்கிறவன் வாயை மட்டும் நம்பாதே. காலையில் திருவள்ளூர், மதியம் மாமல்லபுரம், சாயங்காலம் திண்டிவனம் என்று ஓட்டிய நாட்களில் இந்த வேதம் என்னைக் கைவிட்டதே இல்லை. அதையும் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டுதான் இந்தத் தீவுக்குக் கப்பலேறியிருக்கிறேன்.

ஜங்லிகாட் பேட்டையில் சின்ன லாட்ஜ் வைத்திருக்கும் வங்காளி ஒருவர், மண்டல் தாதா (தாதா என்றால் அவர்களுக்கு அண்ணன்), விருந்தாளிகளை ஏற்றி இறக்க வைத்திருந்த ஏழு சீட் டீசல் வண்டியை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வெள்ளை வண்டி. மீட்டரைப் பார்த்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டேன். சென்னையில் ஒரு வண்டி நாலைந்து மாதத்தில் ஓடும் ஓட்டத்தை இது இத்தனை வருஷத்தில்தான் ஓடியிருந்தது. மீட்டரைத் திருப்பியிருப்பார்களோ என்று சந்தேகம். குனிந்து பெடல் ரப்பரைத் தடவினேன். தேயவே இல்லை. நிஜ ஓட்டம்தான். எனக்கு உள்ளுக்குள் மேளம் கொட்டியது.

மண்டல் தாதா என்னைத் தடுத்தார். "காடி அச்சா ஹை, பாய். வண்டி நல்ல வண்டிதான். ஆனா உனக்கு வேண்டாம். பெட்ரோலில் சின்னதாக ஒன்று பார். இந்த வண்டிக்கு இங்கே ராஸ்தா போதாது" என்று இந்தியில் நிதானமாகச் சொன்னார். சென்னையில் வண்டி விற்கிறவன் எவனாவது தன் வண்டியைத் தானே குறை சொல்வானா? "ஒரே ஓனர், டாக்டர் வண்டி, ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு மட்டும்தான் எடுப்பார்" என்றல்லவா சொல்வான்! வேறு எவனோ கூடுதலாகக் கேட்டிருக்கிறான், அதனால்தான் நம்மைக் கிளப்பப் பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன். "தாதா, நான் சென்னையில ஓட்டினவன். எனக்கு டீசலப் பத்திச் சொல்றீங்களா?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் உள்ளே திரும்பி இரண்டு டீ கொண்டுவரச் சொன்னார். அன்றைக்கே முடித்துவிட்டேன். கௌரிக்குப் போன் போட்டு, "வண்டி வெண்ணெய் மாதிரி இருக்கு, பொட்டியக் கட்டு" என்றேன்.

சில வாரம் கழித்து மீட்டருக்குப் பக்கத்தில் ஓர் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. ஜங்லிகாட்டிலேயே மெக்கானிக் ராஜனிடம் போனேன். ராஜனின் பெற்றோர் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து இங்கே தெற்கே இருக்கும் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குக் குடியேற்றப்பட்டவர்கள். அவன் தமிழில் அந்த மலையும் இருக்கும், இந்தத் தீவின் இந்தியும் இருக்கும். என் வண்டியைப் பார்த்ததும், "ஐயோ, மண்டலோட காடியா? நீங்களா வாங்கினீங்க?" என்று வாய்விட்டுச் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் இதுதான். இந்தப் புது டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்க சைலன்சரோடு ஒரு வடிகட்டி இருக்கிறது. வண்டி நிற்காமல், நல்ல வேகத்தில், நெடுந்தூரம் போனால் அந்தச் சூட்டில் கரி தானாக எரிந்து போகும். போகாவிட்டால் அடைத்துக்கொள்ளும். சென்னையில் நான் ஓட்டியவை எல்லாம் இது இல்லாத பழைய வண்டிகள். இருந்திருந்தாலும் அங்கே அந்த விளக்கு எரிந்திருக்கவே எரியாது.

"அப்ப தூரமா ஓட்டினாச் சரியாயிடுமா?" என்றேன்.

"சரியாகும் அண்ணே. ஆனா நம்மகிட்ட தூரம் கஹான் ஹை, எங்க இருக்கு?" என்று கையை விரித்தான். "நான் கழுவித் தாறேன். திரும்ப வந்துரும், சொல்லிட்டேன்."

கழுவினான், திரும்ப வந்தது. சவாரி இல்லாத நேரத்தில் வண்டியைக் காலியாக எடுத்துக்கொண்டு தெற்கே ரோடு முடியும் இடம் வரை போய்த் திரும்பினேன். வேகம் பிடிக்கும்போது ஒரு வளைவு வரும், வளைவு முடிந்தால் ஒரு மாடு நிற்கும், மாட்டைத் தாண்டினால் கடல் வந்துவிடும். கடலுக்குப் பக்கத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு, ஆளில்லாத ஆறு சீட்டோடு, சம்பாதித்த டீசலை எரித்துக்கொண்டு வருவேன். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். போகிற வழியில் மண்டல் தாதா லாட்ஜ் ஜன்னல் வழியே பார்த்தால் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். உண்மையைச் சொன்ன மனுஷனை எந்த முகத்தோடு பார்ப்பது?

கோடை விடுமுறைக்குக் கௌரியும் யாழினியும் வந்தார்கள். பார்த்துப் பிடித்திருந்தால் அப்படியே இருந்துவிடுவது என்று பேச்சு. விமான நிலையத்திலிருந்து, பத்துபஸ்தியில் நான் பிடித்திருந்த வீட்டு வாசலில் நிறுத்தியதும், "அவ்ளோதானாப்பா? வந்துட்டோமா?" என்று யாழினி கைதட்டிச் சிரித்தாள். எட்டாவது முடித்த பெண், அவளுக்கு அது வேடிக்கை. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்த ஒரு வாரம் நான் மனுஷனாக இருந்தேன். கௌரி வாசலுக்குக் கோலமாவு வாங்கி வந்தாள். சாயங்காலம் மூன்று பேரும் மீன் வாங்கப் போனோம்.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. வடக்கே பாராடாங் தீவுக்குப் போகலாம், சுண்ணாம்புக் குகையைக் காட்டலாம், வண்டிக்கும் ஒரு நீண்ட ஓட்டம் கிடைக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பாராடாங் ரோடு ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள்ளே போகிறது. அது அவர்கள் வீடு. அதனால் வாசல் மாதிரி ஒரு கேட்டில் எல்லா வண்டிகளையும் நிறுத்தி, போலீஸ் காவலோடு வரிசையாக விடுவார்கள். நடுவில் நிற்கக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, வேகமும் போகக் கூடாது. நான் நிற்காமல் போவதை மட்டும்தான் கணக்கில் எடுத்தேன். மெதுவாகப் போவதை மறந்துவிட்டேன்.

காட்டுக்குள் ஏற்றத்தில் ஆரஞ்சு விளக்கு சிவப்பானது. மிதித்தால் வண்டி இழுக்கவில்லை. இப்படி ஆனால் இந்த வண்டிகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டோம். முன்னால் போன பஸ் வளைவில் மறைந்தது. பின்னால் வரிசை வரிசையாக ஹாரன். காவல் ஜீப் வலப்பக்கம் வந்து உரசாத குறையாக ஓட, உள்ளிருந்த போலீஸ்காரர், "ருக்னா மத்! சலோ, சலோ!" என்று கத்தினார். நிற்காதே, போ என்கிறார். நானா நிற்கிறேன்? "சாப், கரி அடைத்துக்கொண்டது, ஏறவில்லை" என்று இந்தியில் கெஞ்சினேன். அவர் பின் சீட்டுகளைக் கை காட்டி ஏதோ திட்டினார். சுமை அதிகம் ஏற்றியிருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. வண்டிக்குள் நாங்கள் மூன்று பேர்தான்.

"அப்பா, நம்மள ஏன் திட்டறாங்க?" என்றாள் யாழினி.

"திட்டலம்மா, வழி சொல்றாங்க."

கௌரி முன் சீட்டில் கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் பெண்ணுக்கு முன்னால் எனக்கு ஓட்டத் தெரியாமல் போனது. தெரிந்த ஒரே வேலை அது. செத்துவிடலாம் போல இருந்தது.

ஒருவழியாகப் படகுத்துறைக்கு ஊர்ந்து சேர்ந்தோம். குகை பார்க்கப் போகிறவர்கள் எங்களைத் தாண்டி இறங்கிப் படகில் ஏறினார்கள். நாங்கள் ஏறவில்லை. கௌரி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னங்க, வண்டி மேல தப்பில்ல. உங்க மேலயும் தப்பில்ல. ஆனா ஜூன்ல இவள இங்க சேக்க எனக்குத் தைரியம் வரல" என்றாள். சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். விடுமுறை முடிவதற்கு முன்பே இருவரையும் விமானத்தில் ஏற்றிவிட்டேன்.

அந்த வாரமே சேகர் போன் செய்தான். "மாமா, வண்டிய இங்க அனுப்புங்க, நான் எடுத்துக்கறேன். நீங்களும் வந்துடுங்க மாமா. பகல்ல நான், ராத்திரி நீங்க." அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். அதுதான் சுட்டது. என் வண்டியில், மச்சானுக்கு டிரைவராக, மச்சான் வீட்டுக் கூடத்தில். வண்டியை மட்டும் அனுப்பினேன். துறைமுகத்தில் கிரேன் அதைத் தூக்கும்போது நான் டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சென்னை போன வண்டி திருச்சி சவாரிக்குப் போனது. "மாமா, ராஜா மாதிரி போகுது! திண்டிவனம் தாண்டறதுக்குள்ள லைட் அணைஞ்சிடுச்சு" என்று சேகர் துள்ளினான். "சந்தோஷம்டா" என்றேன். பொய். ஒரு வண்டி மேல் எனக்கு வயிற்றெரிச்சல். ஊர் போய்ச் சேர்ந்ததும் குணமாகிவிட்டது அது. நான் இப்போது ஒரு ஹோட்டல்காரருடைய சின்னப் பெட்ரோல் காரை ஓட்டுகிறேன்.

நேற்று யாழினி பேசினாள். "மாமா வண்டிக்குத் தமிழ்நாட்டு நம்பர் போட்டுட்டாரு. தீவோட பழைய ஏ.என். பிளேட்ட நான் வாங்கி வெச்சுக்கிட்டேம்பா, என் புக்ஸ் பக்கத்துல. பக்கத்து வீட்டு அக்கா கேட்டாங்க, இது எந்த ஊர் நம்பர்னு."

"என்ன சொன்ன?"

"எங்க ஊர்னு சொன்னேன்."

ஒரு வாரம்தான் இருந்தாள். நான் இத்தனை வருஷமாக இருக்கிறேன். போனை வைத்ததும் சவாரி வந்தது. மதுரைக்காரர்கள் போல, தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்தது. "அண்ணே, நீங்க இந்த ஊரா?" என்றார் அவர்களில் ஒரு அம்மா. இல்லீங்க, சென்னை என்றேன். "சென்னையில எங்கே?" என்றார். அம்பத்தூரில் இருப்பது என் மச்சான் வீடு. சொல்வதற்கு ஒரு தெருப் பெயர் தேடிக்கொண்டிருக்கும்போதே விமான நிலைய வாசல் வந்துவிட்டது.