யமுனாவின் இறால் ஓட்டுத் தாள்

யமுனா ஆய்வகத்தை விட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை. அடுத்த வாரப் பௌர்ணமிக்காகக் கிரிவலப் பாதையில் இரும்புத் தடுப்புகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடித் தட்டில் காய்ந்த சவ்வை உரித்து வைத்துவிட்டு, பேராசிரியர் அருணாதேவியிடம் "போறேன் மேடம்" என்று மட்டும் சொன்னாளாம்.

மெத்தனாலில் மின்சாரம் எடுக்கும் கலத்தின் நடுவே வைக்கும் மெல்லிய தாள் அது. புரோட்டானைத் தன் வழியே போக விட வேண்டும். மெத்தனாலை விடக் கூடாது. அவள் செய்த தாள்களெல்லாம் கசிந்தன.

"சாராயத்துல லைட்டு எரியுமாமே! எங்க வூட்டுக்காரரு வயித்துல எரியலையே" என்று ஆய்வகத்தைப் பெருக்கும் பாஞ்சாலை சிரிப்பாள்.

"இதக் குடிச்சா கண்ணே போயிடும்கா."

கடைசியில் இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானைக் கலந்தாள். கசிவு நின்றது.

ஆனால் யமுனா வீட்டார் சமணர்கள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை என்னும் வேர்க்கடலை பயிரிடும் அப்பா தன்யகுமார், எதையும் வாயில் வைக்குமுன் எதில் செய்தது என்று கேட்பவர். அவள் விட்டுப் போனதற்கு முந்தின நாள் ஆய்வகம் பார்க்க வந்தவர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இத எதுலம்மா செய்யற?"

"இறா ஓட்டுலப்பா."

"சரிம்மா." மெதுவாகக் கீழே வைத்தார். அன்று மாலை, "அப்பா இன்னிக்குச் சாப்பிடல" என்றார் அம்மா ஜெயந்திமாலா. யமுனா ஏனென்று கேட்கவில்லை. மறுநாள் விலகிவிட்டு, "எனக்குப் பிடிக்கலப்பா" என்றாள். அவரும் கேட்கவில்லை.

அவள் தோழியான நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது அவள் வேங்கிக்காலில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா தையில் இறந்திருந்தார். துக்கம் கேட்கப் போன என்னிடம் அம்மா சாப்பாட்டுத் தட்டை நீட்டினார், தான் சாப்பிடவில்லை.

"அட்டமிம்மா, நோன்பு. அவரும் விடமாட்டாரு. இவ லேபுக்கு வந்த அன்னிக்குக்கூட வெறும் வயித்தோடதான் வந்தாரு."

யமுனா நிமிர்ந்தாள். "அன்னிக்கு அட்டமியா?"

"நீதான் நாள் கிழமை மறந்து கெடந்த."

"என் மேல கோவமில்லையா?"

"வருத்தம்தான். கொல்லாம செய்ய வழி இருக்கான்னு உன்னக் கேக்கணும்னு சொல்லிக்கினு இருந்தாரு. அதுக்குள்ள நீயே விட்டுட்ட."

யமுனா எழுந்து கிணற்றடிக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை.

போன வாரம் அருணாதேவியிடமிருந்து அவளுக்கு ஒரு செய்தி வந்தது. எனக்கு அதை அப்படியே அனுப்பியிருந்தாள்:

"யமுனா, உன் முறையில் செய்த தாள் இன்னும் கசியவில்லை. கட்டுரை அனுப்பப் போகிறோம். உன் பெயரைப் போடட்டுமா?"