குதிக்கால் குழிகள்

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் கோடைகால ஒன்றுகூடலில் எனக்கு எப்போதும் ஒரே பொறுப்புத்தான்: பூங்காவைப் பார்த்துக்கொள்வது. மற்றவர்கள் கொத்துரொட்டிக்கும் ஒலிபெருக்கிக்கும் ஓடித்திரிவார்கள். நான் விடியவே எங்கள் நகரின் மல்வேர்ன் பகுதியில் உள்ள அந்தப் பூங்காவுக்குப் போய்விடுவேன். கார்கள் புல்லில் ஏறாதபடி நாடா கட்டுவேன். குப்பைக்கு ஒரு நிறத்திலும் மீள்சுழற்சிக்கு வேறு நிறத்திலும் பைகள் மாட்டுவேன். பார்பிகியூக் கரியைக் கொட்டத் தகரவாளிகள் வைப்பேன். சூடான கரியை மரத்தடியில் கொட்டினால் வேர் கருகிவிடும். இதை ஒலிவாங்கியில் சொன்னால் சனம் சிரிக்கும். அதற்காக நான் சொல்லாமல் விட்டதில்லை. பூங்கா பழுதானால் அடுத்த கோடையில் மாநகராட்சி எங்களுக்குப் பெர்மிட் தராது.

சென்ற கோடையில், ஒன்றுகூடலன்று முற்பகலில் மழை கொட்டியது. நிலம் ஈரமாக இருந்தால் புல்தரையில் விளையாடக் கூடாது என்பது பெர்மிட்டின் விதி. சின்னவர்களின் ஓட்டப்போட்டிகளை நடைபாதைக்கு மாற்றினேன், சங்கீதக் கதிரை விளையாட்டைக் கூடாரத்துக்குள் கொண்டுபோனேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கயிறிழுத்தல் மட்டும் மிஞ்சியது. கலியாணம் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் நடக்கும் அந்தப் போட்டியைப் பார்க்கவென்றே தூரத்து மிசிசாகாவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அதைச் சீமெந்தில் நடத்த முடியாது.

"இந்தமுறை கயிறு இல்லை. புல்லு ஈரம்," என்றேன்.

"அண்ணை, மழை எப்பவோ விட்டிட்டுது. இது உங்கட வீட்டுக் கார்ப்பெட்டோ?" என்றான் கட்டாதவர்களின் அணித்தலைவன்.

"கார்ப்பெட் எண்டால் பரவாயில்லை. இது எங்கட பெர்மிட்."

அவன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "விளங்குதோ? கலியாணம் கட்டினவைக்கு இடுப்பில நாரி பிடிச்சிட்டுது. அதுதான் புல்லைச் சாட்டுகினம்!"

பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் எழுந்தது. "விடுங்கோ தம்பி, வயசு போன ஆக்கள்," என்றார் ஓர் அன்ரி. எனக்குக் காது சுட்டது. கயிற்றை எடுத்துவரச் சொன்னவன் நான்தான். கயிற்றின் கடைசி நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குதிக்கால்களை மண்ணில் இறக்கியவனும் நான்தான்.

நாங்கள் வென்றோம். கத்தி ஓய்ந்தபிறகு கீழே பார்த்தேன். கயிறு கிடந்த இடத்தின் இரண்டு பக்கமும் புல் வேரோடு உரிந்து கிடந்தது. குதிக்கால் பட்ட குழி ஒவ்வொன்றிலும் சேற்றுத்தண்ணீர் தேங்கத் தொடங்கியிருந்தது.

மறுநாள் காலை மண்மூட்டையும் புல்விதையும் வாருகோலுமாகத் தனியாகப் போனேன். குழிகளை நிரப்பிக்கொண்டிருந்தபோது, நாயோடு நடந்துவந்த ஒரு மூதாட்டி அருகில் நின்றார். பூங்காவை ஒட்டிய வீடுகளில் ஒன்றில் இருப்பவராம்.

"நேற்று ஒரு பெரிய கூட்டம் வந்தது. அவர்கள் செய்த வேலை இது," என்றார் ஆங்கிலத்தில். "யாரோ செய்ததை நீங்கள் சரிசெய்கிறீர்கள். மிகவும் நன்றி."

"அதனால் என்ன, பரவாயில்லை," என்றேன் நான்.

அவர் போன பிறகும் மண்ணை மிதித்து மட்டப்படுத்திக்கொண்டே இருந்தேன்.

வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப நாங்கள் எல்லாரும் அவவுக்கு 'அவர்கள்'. நீங்கள் மட்டும் நல்ல மனுசன். நல்லாயிருக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சொல்லிவிடுவது என்ற முடிவோடு போனேன். அந்த மூதாட்டி அங்கேதான் நின்றார். பூவாளியால் நான் தூவிய விதைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நாள்தோறும் ஊற்றுகிறாராம்.

"அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்," என்றேன். "பூங்காவைப் பாதுகாப்பது என் பொறுப்பு. ஈரமென்று தெரிந்தும் விளையாட விட்டேன். கயிற்றையும் இழுத்தேன்."

அவர் பூவாளியை நிமிர்த்தினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு ஏனோ என்னைவிடக் கூச்சமாக இருந்தது போலிருந்தது.

"நான் மாநகராட்சிக்கு எழுதிவிட்டேன்," என்றார் மெதுவாக. "அவர்கள் கெடுத்துவிட்டுப் போனதை இந்தப் பக்கத்து மனிதர் ஒருவர் தன் கைக்காசில் திருத்துகிறார் என்று. அவர்களில் ஒருவர்கூடத் திரும்பிவந்து பார்க்கவில்லை என்றும் எழுதினேன்."

எங்கள் ஆட்களுக்கு எதிராகச் சொல்ல அவருக்குக் கிடைத்த சாட்சி நான். அன்று மதியமே மாநகராட்சிக்கு நானும் எழுதினேன்: திருத்தியவன் சங்கத்தின் ஆள், கெடுத்தவனும் அவனே. அவர்கள் அதை வாசித்தார்களா என்று தெரியாது. இந்த ஆண்டு பெர்மிட் வந்தது, கூடாரத்துக்கு மட்டும். புல்தரை கிடையாது.

கமிட்டிக் கூட்டத்தில் செயலாளர் அந்தப் பெர்மிட்டை வாசித்ததும், கட்டாதவர்களின் அணித்தலைவன் மேசையில் தட்டினான். "ஆரோ பக்கத்து வீட்டு மனுசி போட்டுக் குடுத்திட்டுதாம். உவைக்கு எங்களைக் கண்டாலே ஆகாது!"

"ஓம், ஓம்," என்று இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்தன. செயலாளர் அடுத்த விடயத்துக்குப் போகப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ," என்று எழும்பினேன். "அந்த மனுசியில பிழையில்லை. அவ எனக்கு நன்றி சொன்னவ. நான் அதை வாங்கிக்கொண்டு வந்தனான்."

ஒருவருக்கும் விளங்கவில்லை. முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.