வலது கை போன பிறகு

அறுபதுகளில் நான் நெடுந்தீவுப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்தேன். வீடு புங்குடுதீவில். திங்கள் காலை மோட்டர் வள்ளத்தில் போனால் வெள்ளி பின்னேரம்தான் திரும்புவேன். சோளகக் காற்று பலமாக அடித்த ஒரு திங்கள், நெடுந்தீவில் இறங்கும்போது அலை வள்ளத்தைத் தூக்கியது. விழாமலிருக்க இறங்குதுறைக் கல்லைப் பிடித்தேன். அடுத்த அலையில் வள்ளம் கல்லோடு மோதியது. இடையில் என் வலது கை.

யாழ்ப்பாணத்து ஆசுபத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். அதன்பிறகும் அந்த விரல்கள் வலித்தன. யாரோ இறுக்கிப் பொத்திவைத்ததுபோல இருக்கும், விரிக்க வராது. சொன்னால் எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். சொல்வதை நிறுத்தினேன்.

வீட்டில் அம்மா சோறு குழைத்து ஊட்டினார். ஒரு மாதம் வாய் திறந்தேன். பிறகு சோற்றுக் கோப்பையை இழுத்து இடது கையால் தின்றேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலை பின்ன ஒவ்வொரு காலையும் அக்காவைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. கத்தரிக்கோலை எடுத்துக் கழுத்தளவில் வெட்டிவிட்டேன். கைக்கு அழுததைவிட அம்மா அதற்குக் கூடுதலாக அழுதார். விசாரிக்க வந்த பெரியம்மா, இனி வீட்டோடு இருப்பதுதான் நல்லது என்றார்.

"கைதான் போனது, பெரியம்மா. வேலை போகேல்லை," என்றேன்.

ஆனால் கடல் என்னை விடவில்லை. இரண்டு திங்கட்கிழமைகள் துறைவரை போய், எஞ்சின் சத்தம் கேட்டதும் திரும்பிவந்தேன். என்மேலேயே எனக்கு ஆத்திரம். மூன்றாவது திங்கள் வள்ளத்தில் ஏறி, கண்ணை மூடாமல் இருந்தேன். நெடுந்தீவில் வள்ளக்காரர் கையை நீட்டினார்.

"நில்லுங்கோ ரீச்சர், நான் தூக்கி விடுறன்."

"வேண்டாம் அண்ணை. வள்ளத்தைக் கல்லோட அணைச்சுப் பிடியுங்கோ, அது காணும்."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். இரண்டு அலைகளைப் போகவிட்டு, மூன்றாவதில் காலை வைத்தேன். கரையில் குந்தியிருந்து வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கு நடந்தேன்.

வகுப்பில் பிள்ளைகள் என் சேலைத் தலைப்பையே பார்த்தார்கள். மூடியிருந்ததை விலக்கிக் கையைக் காட்டினேன். எல்லோரும் வடிவாகப் பார்த்துவிட்டுக் கொப்பியை எடுங்கள் என்றேன். நோகுமா என்று ஒரு சிறுமி கேட்டாள். ஓம் என்றேன். பிறகு இடது கையால் கரும்பலகையில் எழுதினேன். எழுத்துகள் சரிந்து விழுந்தன. பிள்ளைகள் தலையைச் சரித்து வாசித்தார்கள்.

அடுத்த வருடம் பள்ளியைப் பார்க்க வந்த அதிகாரி என் வகுப்புப் பிள்ளைகளின் வரவுப் புத்தகத்தைப் புரட்டி முகம் சுளித்தார். எழுத்து நன்றாயில்லை, வேறு யாரையாவது கொண்டு எழுதுவிக்கலாமே என்றார்.

"வாசிக்க ஏலுதோ, ஐயா?"

"ஏலும்."

"அப்ப நானே எழுதுறன்," என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டேன்.