தார் ரோட்டு ஸயானா

பெட்ரோல் பங்க்கில் நிற்கும் மீன் வண்டியின் பின்சக்கரத்தருகே ஸயானா குந்தி உட்கார்ந்து, மட்கார்டின் உள்பக்கம் விரலை விட்டுத் துழாவுகிறாள். வெளியே வந்த விரலில் சாம்பல் நிறச் சேறு. கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கிறாள். போதாதென்று, எங்கள் பக்கத்துப் பெண்கள் அணியும் முகமூடியை லேசாகத் தூக்கி நுனிநாக்கிலும் வைத்துப் பார்த்துவிடுகிறாள். உப்புக் கரிக்கிறது. மீன் வண்டிக்காரன் பக்கீத் கையில் காபிக் கிண்ணத்தோடு நின்று, சிரிக்கவும் முடியாமல் முறைக்கவும் முடியாமல் பார்க்கிறான்.

"ஏன்க்கா, பாதை நல்லா இருக்குன்னு நான்தான் வாயால சொன்னேனே?"

"நீ சொன்ன. உன் வண்டி வேற மாதிரி சொல்லுதே!"

பக்கீத் பொய்யன் அல்ல. எங்கள் பக்கம் இரண்டு பேர் சந்தித்தால், கை கொடுத்த கையோடு "சேதி என்ன?" என்று கேட்க வேண்டும். "நல்ல சேதி, வேற ஒண்ணும் இல்ல" என்று பதில் சொல்ல வேண்டும். ஒட்டகம் செத்திருந்தாலும், வண்டி குடை சாய்ந்திருந்தாலும் முதல் பதில் அதுதான். நிஜமான சேதி மூன்றாவது கிண்ணம் காபிக்குப் பிறகுதான் வரும். பெட்ரோல் பங்க்கில் யாருக்கு மூன்றாவது கிண்ணம் குடிக்க நேரம் இருக்கிறது? பாதி சேதியை நம்பித்தான் ஓமான் பாலைவனத்தில் பாதிப் பேர் வண்டியை இறக்குகிறார்கள். ஸயானா மட்டும் மனிதர்களை விட்டுவிட்டு மட்கார்டைக் கேட்கிறாள்.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. பதினைந்து பேர் உட்காரும் வெள்ளை பஸ் ஒன்று வைத்திருக்கிறாள். சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு என்று பெண்களை ஏற்றிப்போவது தொழில். எங்கள் குடியிருப்பிலிருந்து கடலோரத்துக்கு இரண்டு வழி. உப்புப் பரப்பின் குறுக்கே நேராகப் போகும் மண் தடம் நாற்பத்தெட்டு கிலோமீட்டர். மலையைச் சுற்றிக்கொண்டு போகும் தார் ரோடு நூற்று முப்பது. ஊரே மண் தடத்தில் போகிறது. பஸ் வாங்கிய இந்த ஒன்பது வருடத்தில் ஸயானா ஒரு நாள்கூடப் போனதில்லை.

கேலிக்குக் குறைவே இல்லை. பின்சீட்டில் எப்போதும் இடம்பிடிக்கும் கஸாலா கிழவி ஒவ்வொரு முறையும் ஆரம்பிப்பாள்: "ஏ ஸயானா, நான் பொண்ணு பாக்கப் போறேன்டி. நீ ஓட்டற ஓட்டுக்கு, நாம போய்ச் சேர்றதுக்குள்ள அவளுக்குப் பேத்தி பொறந்துடும்."

"பொறக்கட்டும். அதையும் நான்தான் ஏத்திட்டுப் போவேன். இதே ரோட்டுல."

பஸ்ஸுக்குள் "சீக்கிரம்" என்ற சொல் ஆகாது. சொன்னவர் யாராயிருந்தாலும் முன்சீட்டிலிருந்து எழுந்து பின்னால் போய்விட வேண்டும். கருவாட்டுத் துண்டை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு எண்பதைத் தாண்டாமல் ஓட்டுவாள். ஓவர்டேக் செய்கிறவன் ஹாரன் அடித்தால் பதிலுக்கு இரண்டு மடங்கு நீளமாக அடிப்பாள்.

பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிட வேண்டாம். பன்னிரண்டு வயதில் அப்பாவின் தண்ணீர் லாரியை மணல்மேட்டின் மேல் ஏற்றி இறக்கியவள். டயரில் எவ்வளவு காற்றைப் பிடுங்கினால் எந்த மணலில் மிதக்கலாம் என்பது அவளுக்கு மனப்பாடம். வெளியூர்க்காரர்கள் இவள் கதையைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தி, "புருஷன் அந்தப் பாதையிலதான் போய்ச் சேர்ந்தாரா?" என்பார்கள். புருஷன் கல்லுக்குண்டு மாதிரி வீட்டில் உட்கார்ந்து ஒட்டகத்துக்குப் பேரீச்சம்பழம் ஊட்டிக்கொண்டிருக்கிறான். சோகக் கதை எதுவும் கிடையாது. "டயர் நாலு, உசிரு பதினாலு. கணக்கு ஒத்து வரல" என்பாள். அவ்வளவுதான் அவள் தரும் விளக்கம்.

போன குளிர்காலத்தில் அவள் அண்ணன் ஹாரிபின் மகள் ரய்யாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கடலோர ஊர். பெண் அந்திநேர மஃரிப் தொழுகைக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று பேச்சு. கல்யாண வண்டிகள் வரிசை பிரியாமல் போக வேண்டும். பிரிந்தால் பெண் வீட்டில் ஒற்றுமை இல்லை என்று நாலு ஊர் பேசும். பதினெட்டு வண்டிகள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, தாரும் மண்ணும் பிரியும் இடத்துக்கு வந்தன. முதல் வண்டி மண்ணில் இறங்கக் காத்திருந்தது. வரிசைக் கடைசியில் நின்ற ஸயானாவின் பஸ் தாரைவிட்டு நகரவில்லை.

இரண்டு நாளைக்கு முன் மலையில் மழை. அன்று காலை பக்கீத் வண்டியில் அவள் விட்ட விரல் முட்டி வரை நனைந்து வந்திருந்தது.

ஹாரிப் இறங்கி வந்தான். ஒட்டகத்தின் கால்தடத்தைப் பார்த்து அது சினையா இல்லையா என்று சொல்லக்கூடியவன். மண்ணில் குந்தி, டயர் தடத்தைத் தங்கைக்குக் காட்டினான்.

"பாரு. இன்னைக்குக் காலைல போன தடம். ஓரம்கூட உதிரல. தரை கல்லு மாதிரி இருக்கு."

"அது பக்கீத்தோட தடம்ணே. ஒரு வண்டி போனதைத்தான் அது சொல்லுது. மேல் உப்பு ஒரு வண்டியைத் தாங்கும். தாங்கிட்டு உள்ளுக்குள்ள விரிஞ்சு கிடக்கும். அதே தடத்துல பதினெட்டு வண்டியையும் விடப் போறியே!"

"எனக்கே தடம் படிக்கச் சொல்லித் தர்றியா? கல்யாணப் பொண்ணோட வர்ற வண்டிங்க ஊரைச் சுத்திக்கிட்டு, வெங்காய மூட்டை மாதிரி போய் இறங்கணுமா?" அவன் குரல் எல்லா வண்டிக்கும் கேட்டது. "இப்ப நீ அந்தப் பக்கம் திருப்பினா, இனிமே என் வீட்டு வாசல்ல கால் வைக்காத."

ஸயானாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அப்பா போன பிறகு பிறந்த வீட்டில் அவளுக்கு இருக்கும் ஒரே உறவு அவன்தான். இந்த பஸ்ஸுக்காகத் தன் ஒட்டகம் இரண்டை விற்றவனும் அவன்தான். ஆனாலும் ஸ்டியரிங்கை அவள் விடவில்லை.

"வைக்கலண்ணே. வாசல் வரைக்கும் பஸ்ல வந்து ஹாரன் அடிக்கிறேன்."

அப்போது முதல் வண்டியின் கதவு திறந்தது. ரய்யா பச்சைப் பட்டுப் பாவாடையை இரு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நகையெல்லாம் குலுங்க, மற்ற பதினாறு வண்டிகளைத் தாண்டி நடந்து வந்து பஸ்ஸில் ஏறினாள்.

"நான் அத்தைகூட வர்றேன். குலுங்கிக் குலுங்கிப் போய், மாமியார் கால்ல வாந்தி எடுக்க என்னால ஆகாது."

ஹாரிபுக்கு முகம் கறுத்துவிட்டது. விறுவிறுவென்று போய் வண்டியில் ஏறினான். பதினேழு வண்டிகள் மண்ணில் இறங்கின. ஒரே ஒரு பஸ் தாரில் திரும்பியது.

சூரியன் மறைய இன்னும் ஒரு முழம் மிச்சமிருக்கும்போது பஸ் மாப்பிள்ளை ஊரில் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா எட்டிப் பார்த்தாள். ரோட்டில் வேறு எதுவும் இல்லை.

"ஆம்பளைங்க எங்க?"

"வர்றாங்க," என்றாள் ஸயானா. "குறுக்கு வழியாச்சே, கொஞ்சம் லேட்டாகும்."

பஸ்ஸுக்குள் சிரிப்பு வெடித்தது. அது நீடிக்கவில்லை. தந்தை வந்து கையைப் பிடித்துக் கொடுக்காமல் பெண்ணை எப்படி உள்ளே அழைப்பது? பாங்கு சொன்னார்கள், தொழுகை முடிந்தது, பறை அடிக்கக் கூடியிருந்தவர்கள் பறையைக் கீழே வைத்துவிட்டார்கள். "பொண்ணை அனுப்பி வச்சாங்களா, இல்ல பொண்ணு தப்பிச்சு வந்துச்சா?" என்று மாமியார் யாரிடமோ உரக்கக் கேட்டாள். பஸ்ஸில் இருந்தவர்களே இப்போது ஸயானாவின் மேல் பாய்ந்தார்கள். கஸாலா தலையில் அடித்துக்கொண்டாள்.

"உன் பிடிவாதத்துல பொண்ணு வாழ்க்கையையே கெடுத்துட்டியேடி!"

"அழறதுன்னா அழுங்க," என்றாள் ஸயானா. "சேத்துல உக்காந்து அழறதுக்கு இங்க உக்காந்து அழுங்க. ஏசி போட்டிருக்கேன்."

ரய்யா மட்டும் அத்தையின் தோளில் சாய்ந்து, கருவாடு கேட்டு வாங்கித் தின்றுகொண்டிருந்தாள்.

நன்றாக இருட்டிய பிறகு, அந்தப் பதினேழில் ஒரே ஒரு பிக்கப் வந்தது, தார் ரோட்டு வழியாக. பின்னால் ஒன்பது ஆண்கள் ஒருவர் மேல் ஒருவராக. ஹாரிப் குதித்து இறங்கினான். வெள்ளை அங்கி இடுப்பு வரை சாம்பல் சேறு. ஒரு காலில் செருப்பு இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு முறைப்படி கேட்டார்.

"சேதி என்ன?"

"நல்ல சேதி," என்றான் ஹாரிப். "வேற ஒண்ணும் இல்ல."

பெரியவர் அந்தச் சேற்றை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பிறகு மரியாதையாக வானத்தைப் பார்த்தார். பறை ஒலித்தது. ரய்யா உள்ளே போனாள்.

மறுநாள் காலை, பந்தி முடிந்து பஸ் புறப்பட நின்றது. பதினாறு வண்டிகள் இன்னும் உப்பில் கிடந்தன. இதனால் ஸயானாவுக்கு ஊரில் மவுசு கூடிவிட்டது என்று எண்ண வேண்டாம். அடுத்த வியாழன் சந்தைக்கு மூன்று பெண்கள் ஏற்கெனவே வேறொரு வண்டியில் இடம் சொல்லிவிட்டார்கள், மண் தடத்தில் போகும் வண்டியில்.

ஹாரிப் பஸ்ஸை நோக்கி வந்தான். முந்தின நாளிலிருந்து தங்கையோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. முன்சீட்டுப் பெண் எழுந்து இடம் விட்டாள். அவன் ஏறி உட்கார்ந்து, கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டு தொண்டையைச் செருமினான்.

"மண்ணு வழியா போனா, அப்படியே வண்டிங்களையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடலாம்."

ஸயானா அண்ணன் பக்கம் சாய்ந்து, சீட் பெல்ட்டை இழுத்து, சேறு காய்ந்து விறைத்திருந்த அங்கியின் குறுக்கே கொண்டுவந்து, டக்கென்று மாட்டினாள்.