வெல்டா வீட்டுப் பின்கதவும் ஒரு ரிவால்வரும்

எங்கள் ஊரில் முன்கதவைத் தட்டுகிறவர்கள் ஓட்டுக் கேட்க வந்தவர்களாக இருப்பார்கள், இல்லையென்றால் வழி தெரியாமல் வந்தவர்களாக இருப்பார்கள். மற்றவர்கள் பின்கதவைத் தள்ளிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போய்விடுவோம். அதிலும் என் பக்கத்து வீட்டு வெல்டா ஹக்கபி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் இந்த மூலையில் இளவட்டம் முழுவதும் அவளிடம் திட்டு வாங்கி வளர்ந்ததுதான். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் வீட்டில் காபி எப்போதும் இருக்கும், வருகிற கூட்டத்தில் உட்காரத்தான் நாற்காலி கிடைக்காது.

ஆகஸ்டு தொடக்கத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டை உடைத்து, டிவி முதல் மரம் அறுக்கும் இயந்திரம் வரை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். வெல்டாவுக்குத் தூக்கம் போயிற்று. ஒரு பேருந்து நிறைய வாண்டுகளைப் பார்வையாலேயே அடக்குகிறவள், காற்றில் ஜன்னல் அசைந்தால் திடுக்கிட்டாள். பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

அவள் தம்பி ராய்ஸ் ஒரு ரிவால்வரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான்.

"கொஞ்ச நாள் வச்சுப் பாரு அக்கா. ஒத்து வந்தா உனக்குன்னே ஒண்ணு வாங்கிக்கலாம்."

"உனக்குச் சுடத் தெரியுமாடி?" என்று நான் கேட்டேன்.

"நாங்க அணில் வறுவல் தின்னு வளந்த குடும்பம். சுட்டுக் கொண்டாந்தது யாருன்னு நெனச்ச? இவனா?"

ராய்ஸின் மேய்ச்சல் நிலத்தில் வேலிக்கம்பங்கள் மேல் தகர டப்பாக்களை வைத்துப் பார்த்தார்கள். வெல்டாவின் குறி ஒன்றுகூடத் தப்பவில்லை. ராய்ஸுக்குத் தப்பியது, அதற்கு அவன் வெயிலைக் குறை சொன்னான். இனி துப்பாக்கி வாங்குவதுதான் பாக்கி என்று எல்லோரும் நினைத்தோம்.

ஆனால் வீட்டில் துப்பாக்கி இருக்கும்போது கண்டவர்கள் கேட்காமல் உள்ளே வரலாமா? "தட்டணும், பேர் சொல்லணும், நான் வான்னு சொன்ன பிறகு வரணும்" என்று வெல்டா எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். நியாயமான பேச்சுதான். ஆனால் தட்டினால் எதற்கு வந்தேன் என்று சொல்லத் தோன்றுகிறது. நான் எதற்கு வந்தேன்? ஒன்றுக்குமில்லை, சும்மாதான். ஒருநாள் கையைத் தூக்கியபடி கதவுமுன் நின்று யோசித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்தேன். மற்றவர்களும் அப்படித்தான் போலிருக்கிறது. மெல்ல மெல்ல அவள் அடுப்படிக்கு யாரும் போவதில்லை என்றாகிவிட்டது.

"இப்ப பாதுகாப்பாத்தான் இருக்கேன். பேச்சுத் துணைக்கு ஃப்ரிட்ஜ் ஒண்ணுதான் முனகிக்கிட்டு இருக்கு" என்றாள் வேலியோரமாக.

அடுத்தது என் வீட்டுக்காரர் ஆர்வில். ஆகஸ்டில் நாங்கள் காரைப் பூட்டுவது திருடனுக்குப் பயந்து அல்ல. பூட்டாவிட்டால் யாராவது தங்கள் தோட்டத்தில் மிஞ்சிய, வெள்ளரி மாதிரி இருக்கும் சுக்கினிக்காயைப் பின்சீட்டில் நிரப்பிவிட்டுப் போய்விடுவார்கள். அப்படி ஊருக்கே பங்கு வைப்பவர்களில் முதல் ஆள் என் கணவர். தட்டிவிட்டுப் போக வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் காதில் வாங்கினால்தானே.

ஒருநாள் காலை வெல்டா படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் ஏதோ உருண்டது. ரிவால்வரை எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் வந்தாள். ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டபடி ஒரு பெரிய முதுகு. குறி பார்த்தாள். விரல் விசையில் இருந்தது.

"அசையாதே."

முதுகு மெதுவாகத் திரும்பியது. கை நிறையச் சுக்கினிக்காய்.

"வேண்டாம்னா வேண்டாம்னு வாயால சொல்லிருக்கலாமே, வெல்டா" என்றார் ஆர்வில்.

அவள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாளாம். பிறகு சிரிப்பு நின்று, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாளாம். ஆர்வில் இதை வேடிக்கையாகத்தான் வந்து சொன்னார். நானும் சிரித்தேன். அப்புறம் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த மடையனை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

சாயங்காலம் ராய்ஸ் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். குண்டுகளைக் கழற்றி ரிவால்வரை அவன் பக்கம் தள்ளினாள் வெல்டா.

"பழகிடும் அக்கா. தட்டிட்டு வர ஜனங்க கத்துப்பாங்க."

"கத்துக்கிட்டாங்கடா. அதான் தொல்லையே. ஆர்வில் ஒருத்தர்தான் கத்துக்கல, அவரத்தான் நான் சுடப் பாத்தேன்."

"சரி, நெஜமாவே திருடன் வந்தா?"

"முன்கதவுக்கு நல்ல தாழ்ப்பாளாப் போட்டுக் குடு. பின்கதவு பழையபடியே இருக்கட்டும். வாசல்ல ஒரு வெளக்கு மாட்டு. அக்கா மேல அவ்வளவு அக்கறைன்னா தெனமும் ஒரு நடை வந்து பாத்துட்டுப் போ."

ராய்ஸ் முணுமுணுத்துக்கொண்டே ரிவால்வரை எடுத்துக்கொண்டு போனான். எனக்கு மனசு கேட்கவில்லை.

"பயம் போயிருச்சாடி?" என்றேன்.

"எங்க போச்சு? அப்படியேதான் இருக்கு" என்றாள். "திருடனுக்குப் பயந்துகிட்டே நான் காபி போடுவேன், பஸ் ஓட்டுவேன், தூங்கக்கூடச் செய்வேன். ஆனா உன் புருஷன் முதுகுக்கு நேரா நின்னேனே, அந்தப் பயத்த வச்சுக்கிட்டு ஒரு வாய் தண்ணிகூட எறங்காதுடி."