கடி வாங்கிப் படிக்கிற எம்.எஸ்ஸி.

எங்கள் தொழிலில் அனுபவத்தை வருஷக் கணக்கில் சொல்வதில்லை, எத்தனை இடத்தில் கடி வாங்கியிருக்கிறோம் என்றுதான் சொல்லுவோம். எனக்கு இடது கையில் மூன்று, தோளில் ஒன்று. கள்ளக்குறிச்சியில் சிறப்புக் குழந்தைகள் பள்ளி ஒன்றில் டீச்சராக இருந்தவள், முப்பத்தெட்டு வயதில் சும்மா இருக்க மாட்டாமல் 'நடத்தைப் பகுப்பாய்வு' என்ற முதுகலைப் படிப்பில் ஆன்லைனில் சேர்ந்தேன். ஒரு குழந்தை ஏன் கத்துகிறது, ஏன் அடிக்கிறது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் அதற்கு என்ன கிடைத்தது என்று பார்த்து, எழுதி, மாற்றுவதுதான் படிப்பு. காலையில் இட்லிக் குண்டானை இறக்கி, சாயங்காலம் நாலு பேர் துணியை மடித்து, நடுவில் அசைன்மென்ட் எழுதும் என் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோயில் வாசலில் இன்டர்வியூ

கச்சிராயபாளையத்தில் அம்மா வீட்டுக்குப் போனால், மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது கட்டாயம் மாட்டிக்கொள்வேன். அன்றைக்குப் பிடித்தது சவுரியம்மா சித்தி. கரும்பு வெட்டும் ஆட்களையே அதட்டி வேலை வாங்குகிறவர், என்னை விடுவாரா?

"இன்னாடி, டாக்டருக்குப் படிக்கிறியாமே?"

"டாக்டர் இல்ல சித்தி."

"ஊசி போடுவியா?"

"இல்ல."

"மாத்திர குடுப்பியா?"

"அதுவும் இல்ல. புள்ளைங்க இன்னா பண்ணுதுங்கன்னு பாத்துக்கினே இருந்து எழுதுவேன்."

சித்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கோயில் வாசலே கேட்கிற மாதிரி சொன்னார்: "இதுக்கு ரெண்டு வருசமா? எங்க தெரு முனைல நாலு பேரு காலைலேர்ந்து குந்திக்கினு போறவங்க வர்றவங்களப் பாத்துக்கினேதான் கீறானுங்க, அவனுங்களுக்கு எவன்டி பட்டம் குடுத்தான்?"

கட்டில் மேல் ஈரத்துண்டு

முதல் செமஸ்டரில் ஒரு வீட்டுப்பாடம். வீட்டில் பெரியவர் ஒருவரைப் பிடித்து, அவருடைய சின்னப் பழக்கம் ஒன்றை மாற்ற வேண்டும். எனக்குத் தேடவே வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் ஆரோக்கியராஜ், பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டன்ட், அங்கே ஒரு சோதனைக் குழாயைக் கூட இடம் மாற்றி வைக்க மாட்டார். வீட்டில் மட்டும் குளித்த ஈரத்துண்டைக் கட்டில் மேல் போடுவார். பதினான்கு வருஷமாகக் கத்தியும் பலன் இல்லை. பாடத்தின்படி, கட்டிலில் போட்டால் கண்டுகொள்ளக் கூடாது, கொடியில் போட்டால் உடனே பாராட்ட வேண்டும். மிக்ஸிக்கு அடியில் ஒரு தாளை ஒளித்து வைத்து, கொடியில் போட்ட நாளுக்கெல்லாம் டிக் அடித்தேன்.

முதல் வாரம் காலி. இரண்டாம் வாரம் மூன்று டிக். மூன்றாம் வாரம் ஏழு நாளும் டிக்! எனக்குத் தலை கால் புரியவில்லை. அசைன்மென்ட்டை அனுப்பிவிட்டு, பெருந்தன்மையாக அவரைக் கூப்பிட்டு விஷயத்தை உடைத்தேன். மனுஷன் அலட்டிக்கொள்ளவே இல்லை. "சட்னி அரைக்கப் போனப்பவே அந்தப் பேப்பரப் பாத்துட்டேன். நீ பாஸ் பண்ணணுமேன்னுதான் கொடில போட்டுக்கினு இருந்தேன், அனுப்பிட்டன்னா சொல்லு, நாளைலேர்ந்து கட்டில்லயே போடறேன்."

சும்மா உட்கார்ந்த சனிக்கிழமைகள்

கடைசி வருஷத்தில் விளையாட்டு நின்றது. ஒரு குழந்தையோடு வேலை செய்து, மாற்றத்தைக் காட்டினால்தான் பட்டம், இல்லாவிட்டால் இன்னொரு வருஷம். எனக்குக் கிடைத்தவள் வெள்ளிமலையில் ஏழு வயது பவித்ரா. பேச்சு வரவில்லை. மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள், கடித்துக் கடித்து அந்த இடம் காய்ப்பு ஏறிக் கிடந்தது. அம்மா மல்லிகா சாமையும் மரவள்ளியும் போடுகிறவள். அப்பா கோவிந்தன் கேரளாவில் ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை. பொங்கலுக்கு வரும்போதும் பிள்ளை இப்படியே இருந்தால் கீழே டவுனில் ஒரு ஹாஸ்டலில் விட்டுவிடுவேன் என்று போனில் சொல்லியிருந்தார். கெட்டவர் இல்லை, அந்தக் கையைப் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை. ஆனால் மல்லிகா ஒரு நாள் கூட மகளை விட்டுத் தனியாகப் படுத்ததில்லை. எனக்குப் போனால் ஒரு வருஷம், அவளுக்குப் போனால் பிள்ளை.

அப்படிப்பட்ட வீட்டில் போய் நான் செய்தது என்ன? எதுவும் செய்யாமல் உட்கார்ந்தேன். எங்கள் படிப்பில் அது சட்டம். கை வைப்பதற்கு முன்னால், இருப்பதை இருக்கிறபடி பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை தோறும் மலைப்பாதைப் பஸ்ஸில் குடல் வாய்க்கு வர ஏறிப் போய், பாயில் உட்கார்ந்து, கடியை எண்ணி, இறங்கி வந்தேன். நாலாவது சனிக்கிழமை மல்லிகா டீ டம்ளரை ணங்கென்று வைத்தாள். "வர்றீங்க, பாக்கறீங்க, எழுதறீங்க, போறீங்க. பொண்ணு பாக்க வந்தவங்க கூட இதவிட சீக்கிரமா ஒரு பதிலச் சொல்லிடுவாங்க டீச்சர்."

செவுத்துல இன்னா தெரியுது?

பதில் சொன்னேன். அம்மா தன்னைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகத்தான் பவித்ரா கடிக்கிறாள் என்று என் தாள்கள் எனக்குச் சொல்லின. மணிக்கட்டில் கெட்டியான துணிப்பட்டை கட்டி, அடிபடாமல் பார்த்துக்கொள்வோம், ஆனால் கடிக்கும்போது யாரும் அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்றேன். மற்ற நேரத்தில் நானே எதிரில் உட்கார்ந்து பந்து, கலர் கட்டை என்று பாடம் நடத்தினேன். மல்லிகாவுக்கு மனசே இல்லை. இருந்தாலும் என்னை நம்பித் திரும்பி நின்றாள், நானும் நின்றேன். பிள்ளை கத்திய கத்தலில் கூரை பறக்கவில்லை, அவ்வளவுதான்.

மண்வெட்டி கேட்டு வந்த பக்கத்து வீட்டு வெள்ளையம்மா நேரே உள்ளே வந்து பவித்ராவை வாரி எடுத்தாள், கையில் ஒரு வாழைப்பழத்தையும் கொடுத்தாள். இப்போது கவனிப்போடு பழமும் சேர்ந்துவிட்டதே என்று நான் பேனாவைத் தேட, அவள் எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டாள்: "கொழந்த கடிச்சிக்கினு கதறுது, ரெண்டு பொம்பளைங்க செவுத்தப் பாத்துக்கினு நிக்கிறீங்களே, செவுத்துல டி.வி. ஓடுதா இன்னா?"

புளியங்கொட்டை

அதற்கப்புறம் கடி குறைய வேண்டும் அல்லவா? ஏறியது. சென்னையிலிருந்து வீடியோ காலில் என்னை மேற்பார்க்கும் மேடம், கிராஃபைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொங்கலுக்கு மூன்றே வாரம். நான் இல்லாத நாட்களையும் கணக்கெடுக்கச் சொல்லி மல்லிகாவிடம் ஒரு படிவம் கொடுத்திருந்தேன், அது அடுப்பு மேடையில் எண்ணெய் குடித்துக்கொண்டிருந்தது. எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

"எண்ணலன்னு யார் சொன்னது?" என்று அவள் ஏழு காகிதப் பொட்டலங்களைக் கொண்டுவந்தாள். ஒரு கடிக்கு ஒரு புளியங்கொட்டை, ஒரு நாளுக்கு ஒரு பொட்டலம். பாயில் வரிசையாகப் பிரித்து வைத்தாள். திங்கள் மூன்று, செவ்வாய் இரண்டு, புதன் நாலு. வெள்ளி வரை அப்படித்தான். ஞாயிறும் மூன்றுதான். போன சனிக்கிழமைப் பொட்டலத்தைப் பிரித்தபோது கொட்டைகள் பாயை விட்டு உருண்டு ஓடின. சனிக்கிழமை கூட்டமாக இருக்குமோ, தூக்கம் கம்மியோ என்று நான் உளற ஆரம்பித்தேன். மல்லிகா பாவம் பார்த்து, மெதுவாகச் சொன்னாள்: "கூட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சனிக்கிழம மட்டும் இன்னா புதுசா வருதுன்னு யோசிச்சேன், நீங்கதான் டீச்சர் வர்றீங்க."

போதும்

மலை இறங்கும் வரை பஸ்ஸில் அழுதேன். அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தச் சின்னக் கையை வாரா வாரம் நான்தானே புண்ணாக்கியிருக்கிறேன், சேசுவே! பந்தை எடு, சிவப்பைக் காட்டு, மஞ்சளைக் காட்டு என்று அவளை விடாமல் பிடுங்கியிருக்கிறேன். அவளுக்கு யாருடைய கவனிப்பும் வேண்டியிருக்கவில்லை. நான் பிடுங்குவதை நிறுத்த வேண்டும் என்றுதான் கடித்திருக்கிறாள். மேடம் கேட்டுவிட்டு, "அப்படின்னா, உன்ன நிறுத்தறதுக்கு அவளுக்கு ஒரு வழி சொல்லிக்குடு" என்றார். விரித்த உள்ளங்கை வரைந்த ஒரு மஞ்சள் அட்டை செய்தேன். அதை அவள் நீட்டினால் 'போதும்' என்று அர்த்தம், எதிரில் இருப்பவர் அந்த நிமிஷமே எழுந்து விலகிவிட வேண்டும். பாடச் சாமான்களையும் கம்மி செய்தேன். தினமும் மல்லிகா மகள் கையைப் பிடித்துப் பிடித்துப் பழக்கினாள்.

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை கோவிந்தன் வந்திருந்தார். ஹாஸ்டல் விண்ணப்பம் சட்டைப்பையில் மடித்து இருந்தது. நான் கலர் கட்டைகளை எடுத்து வைத்தேன். பவித்ராவின் மணிக்கட்டு வாயை நோக்கிப் போயிற்று. மல்லிகா நகராமல் நின்றாள். பாதி வழியில் கை நின்றது. பவித்ரா பாயில் துழாவி, அட்டையை எடுத்து, என் மடியில் வைத்தாள். யாரும் அவள் கையைப் பிடிக்கவில்லை. கோவிந்தன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஹாஸ்டல் வேணாம் மல்லி, அவ இங்கயே இருக்கட்டும்" என்றார்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் புத்தி மழுங்கிவிட்டது. எழுந்து விலக வேண்டியவள், பேனாவை எடுத்து நேரத்தைக் குறித்து, "இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாமா?" என்று கட்டைகளை மறுபடி அடுக்கினேன். மல்லிகா என் பையை எடுத்து என் தோளில் மாட்டினாள். "அவ போதும்னு சொல்லிட்டா. சொன்ன ஒடனே போயிடணும்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க? தூறல் போட்டா இன்னா டீச்சர், வெளிய போய் நில்லுங்க!"

இரண்டு வருஷம் விழுந்து விழுந்து படித்து ஒரு குழந்தைக்கு நான் உருப்படியாகக் கற்றுக்கொடுத்தது என்னை வெளியே துரத்துவதைத்தான், அதற்குத்தான் எனக்குப் பட்டமும் கொடுத்தார்கள்.