துரைசாணிக்கு நாற்காலி

இந்த ஊரில் கோயிலுக்குள் செருப்போடு போகிறார்கள். ஆண்கள் வாசலில் தொப்பியை மட்டும் பயபக்தியோடு கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறார்கள். தெருச் சகதி ஒட்டிய பூட்ஸோடு பீடம்வரை நடக்கிறார்கள். தலையைவிடக் கால் சுத்தமானது என்று எந்தக் கடவுள் இவர்களுக்குச் சொன்னாரோ! திருச்சி பாலக்கரையில் பிறந்து, அங்கேயே புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, ஐம்பதுகளின் கடைசியில் இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள இந்தச் சின்ன ஊருக்கு வேலைக்கு வந்தவள் நான். வந்த முதல் கிறிஸ்துமஸ் சமயத்தில், ஊரே பெருமையடித்துக்கொள்ளும் பழைய கதீட்ரலைப் பார்க்கப் போனேன். வாசற்படியில் பழக்கதோஷத்தில் ஷூவைக் கழற்றக் குனிந்தேன். வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுவதற்காக அங்கே நின்றிருந்த ஓர் அம்மாள், “ஐயோ, காலில் அடிபட்டதா?” என்று ஓடி வந்தார். அவர்தான் மிஸ் பென்ரோஸ்.

என் சேலையை ஒரு முறை பார்த்துவிட்டு, கையைப் பிடித்து நேரே மாட்டுக்குடிலின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். காது மந்தமானவர்களிடம் பேசுவதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: “இது... ஒரு... குழந்தை. பெயர், இயேசு.”

“இவரைத் தெரியும்” என்றேன்.

“எவ்வளவு நல்ல விஷயம்! யார் சொன்னார்கள்?”

“என் அம்மா.”

“அம்மாவுக்கு?”

“அவர் அம்மா.”

அதற்கு மேல் கேட்கவில்லை, நம்பியதாகவும் தெரியவில்லை. இத்தனைக்கும் அந்தக் கட்டடத்தை எழுப்பியவர்கள் எங்கள் கத்தோலிக்க சபையார். இந்நாட்டு அரசர் ஒருவருக்குப் பெண்டாட்டியை மாற்றவேண்டிய அவசரம் வந்ததில் அது ஆங்கிலிக்கன் சபைக்குக் கைமாறியது. அந்தக் கதையை மட்டும் மிஸ் பென்ரோஸ் சொல்லவில்லை. சுவர் நெடுகச் செத்துப்போன பட்டாளத்து அதிகாரிகளின் பெயர் பொறித்த சலவைக்கற்கள். எல்லாரும் வீரர்கள், எல்லாரும் உத்தமர்கள். யாரைச் சுட்டார்கள் என்று ஒரு கல்லிலும் எழுதவில்லை. அவர்களில் ஒருவர் ‘ட்ரிச்சினாபொலியில்’ காய்ச்சல் கண்டு இறந்திருந்தார். கடல் தாண்டி வந்து, பல் கிட்டும் குளிரில், ஊர்ப்பெயரைக் கல்லில் பார்த்தேன். அந்த எழுத்துகளை விரலால் தடவி, “இது என் ஊர்” என்றேன்.

மிஸ் பென்ரோஸ் புருவத்தைச் சுருக்கினார். “ட்ரிச்சினாபொலியா? அது ஒரு சுருட்டு அல்லவா? என் அப்பா புகைப்பார்.”

மலைக்கோட்டை, காவிரி, என் அம்மா, எல்லாம் அவர் அப்பாவின் வாயில் புகைந்துகொண்டிருந்தன.

கெட்ட மனுஷியாக இருந்திருந்தால் சுலபமாக வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். நான் காய்ச்சலில் கிடந்தபோது விடுதிக்கு சூப் கொண்டுவந்து கொடுத்தார். என் பெயர் ரோசம்மா. அதை வெட்டி ‘ரோஸ்’ என்று கூப்பிட்டார். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் லீவில் ஊருக்குக் கிளம்பியபோது, “நானும் வருகிறேன், உங்கள் ஊர் கிறிஸ்துமஸைப் பார்க்கவேண்டும்” என்று கப்பலேறினார். உங்களுக்கும் கிறிஸ்துமஸ் உண்டா என்கிற சந்தேகம் அப்போதும் அவருக்குத் தீரவில்லை.

திருச்சிக்கு வந்ததும் முதலில் ஸ்ரீரங்கம் பார்க்கவேண்டும் என்றார். பஸ்ஸில் பாலம் தாண்டிப் போனோம். வெளிப்பிராகாரங்கள் வரை தடையில்லை. உள்வாசலில் கோயில் ஆள் ஒருவர், நெற்றி நிறையத் திருமண்ணோடு, மிஸ் பென்ரோஸை மட்டும் மரியாதையாக நிறுத்தினார். “துரைசாணி மேல்தளத்துல நின்னு தங்க விமானத்தைச் சேவிக்கலாம். நீங்க உள்ளே வாங்கோம்மா” என்றார் என்னிடம்.

“நான் கிறிஸ்துவங்க.”

அவர் என் சேலையை, தலைப்பூவை, மறுபடி முகத்தைப் பார்த்தார். அவருக்கே சங்கடமாகிவிட்டது. “அப்படின்னா நீங்களும் அவாளோட மாடிக்கே போயிடுங்கோ. தப்பா நெனைச்சுக்காதேங்கோ” என்றார்.

ஆக, ஆற்றுக்கு இக்கரையில் பிறந்த நானும், கடலுக்கு அக்கரையிலிருந்து வந்த அவரும் ஒரே மாடியில் நின்று எட்டிப் பார்த்தோம். மிஸ் பென்ரோஸுக்கு ஒரே சந்தோஷம். “நாம் இரண்டு பேரும் இங்கே அந்நியர்கள், இல்லையா ரோஸ்?” என்று என் தோளில் கை போட்டார்.

கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசைக்கு அவரை எங்கள் பழைய பேராலயத்துக்கு அழைத்துப் போனேன். இங்கே நான் யார் என்று அவர் பார்க்கட்டும் என்ற வீறாப்போடுதான் போனேன். அம்மா வழக்கம்போல் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். அப்பா செத்ததிலிருந்து அது அவர் இடம். பீடத்து வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை தூரத்திலிருந்தே வெள்ளைத்தோலைக் கண்டுவிட்டார். நாற்காலி ஒன்றைத் தலைக்குமேல் தூக்கியபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“பாட்டிம்மா, கொஞ்சம் பின்னாடி நகந்து உக்காருங்க. துரைசாணிக்கு நாற்காலி போடணும்.”

துரைமார்கள் கப்பலேறிப் போய்ப் பதினைந்து வருஷம் ஆகியிருக்குமா? எனக்குக் கோபம் தலைக்கேறியது. “அவங்க நம்ம சபையே இல்லைங்க. இது எங்கம்மா இடம்” என்றேன்.

“அதனால என்னம்மா? வெள்ளைக்காரங்க இல்லியா!” என்று சிரித்தார்.

கோயில்பிள்ளையைக்கூட மன்னிக்கலாம். அம்மாவை என்ன செய்வது? கல்யாண வீட்டில் சம்பந்திக்கு இடம் விடுவதுபோல் முகமெல்லாம் மலர எழுந்து, பாயைச் சுருட்டி, தன் முந்தானையால் நாற்காலியைத் துடைத்தும் விட்டார். “விருந்தாளி தானே ரோசு, சும்மா இரு” என்றார். மிஸ் பென்ரோஸ் ஒன்றும் புரியாமல் “நன்றி, நன்றி” என்று உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் பின்னால் நகர்ந்தது என் அம்மா என்று கவனித்தார். எழுந்திருக்கப் பார்த்தார், அம்மா தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

அதற்குள் கோயில்பிள்ளை இன்னொரு நாற்காலி கொண்டுவந்தார். “நீங்களும் லண்டன்லேர்ந்துதானே வந்திருக்கீங்க, உக்காருங்கம்மா.”

நான் வேலை பார்ப்பது லண்டனில் இல்லை; அது வேறு ஊர். அதை யாரிடம் சொல்ல? நாற்காலியைத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் போய் அம்மா பக்கத்தில் சம்மணமிட்டேன். பாடகர்கள் லத்தீனில் தொடங்கினார்கள். எனக்கும் ஒவ்வொரு சொல்லும் மனப்பாடம். குரல் விட்டுப் பாடினேன். பிரசங்கம் பாதியில், இத்தனை வருஷக் குளிரில் இறுகியிருந்த முழங்கால் தன் வேலையைக் காட்டியது. கால் மரத்து, பிறகு சுரீர் சுரீரென்று குத்த ஆரம்பித்தது. மாற்றி மாற்றி மடக்கினேன். பக்கத்துப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“கால் வலிக்குதுல்ல? போய் நாற்காலில உக்காரு” என்று அம்மா கிசுகிசுத்தார். “அதுல ஒண்ணும் தப்பில்லடி. ஒனக்குப் பழகிடுச்சு.”

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். எழுந்தேன். முன்னால் மிஸ் பென்ரோஸ் காலியான நாற்காலியைத் தட்டிக் காட்டி என்னைக் கூப்பிட்டார். காலடியில் பாயில் நான் விட்ட இடமும் காலியாகவே இருந்தது. பக்கத்திலிருந்த தூணில் சாய்ந்து, பூசை முடியும்வரை நின்றுகொண்டே இருந்தேன்.